தட்டி கட்டிய ஊர்

அலவன்குளத்தின் மறுகால் ஓரம், வாழைத் தோட்டத்துக்கும் குளத்துக்கரைக்கும் நடுவே கிடந்த மேட்டில் ஆவுடை வளர்த்த சீமை வாத்துகள் பதினொன்று. அவற்றில் பெட்டை ஒன்பது, ஆண் இரண்டு, அந்த இரண்டும் ஒரே அடையில் ஒரே நாளில் ஓடு உடைத்து வந்தவை, ஒரே தட்டில் குருணை தின்று வளர்ந்தவை, ஆனி ஆடியில் பார்த்தால் ஒன்றின் முதுகில் மற்றது கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும், ஐப்பசி பிறந்து பெட்டைகள் முட்டையிட இடம் தேட ஆரம்பித்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கொல்லப் பார்க்கும்.

மூக்கின் மேல் கறுப்பாகப் புடைப்பு இருந்ததால் ஒருவன் கொண்டையன். மற்றவன் வெள்ளையன். கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டிச் சீறிக்கொண்டு வந்து, இறக்கையின் முட்டியால் மாறி மாறி அறைந்து, கடைசியில் ஒருவன் மற்றவன் முதுகில் ஏறிப் பிடரியைக் கவ்வித் தண்ணீருக்குள் அமுக்குவான், ஆவுடை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிரித்துவிட வேண்டும். அவளும் செய்யாத வழி இல்லை. பெட்டைகளில் ஐந்தைக் கொண்டையனுக்கும் நான்கை வெள்ளையனுக்குமாகப் பிரித்து மேட்டின் இரண்டு கோடியில் விட்டாள். தீவனத் தட்டை இரண்டாக்கினாள், தண்ணீர்த் தொட்டியை இரண்டாக்கினாள். நடுவில் கம்பி வலை அடித்தாள், அது இன்னும் மோசமாகப் போயிற்று. வலைக்கு அந்தப்பக்கம் ஒருவன் இந்தப்பக்கம் ஒருவன் என்று பொழுதெல்லாம் சேர்ந்தாற்போல் மேலும் கீழும் நடந்தார்கள், கம்பியைக் கொத்திக் கொத்தி மூக்கில் ரத்தம் வடிந்தது, பெட்டைகளை இருவரும் திரும்பியே பார்க்கவில்லை, அந்த வருடம் அடைக்கு வைத்த முட்டையில் பாதிக்கு மேல் கூமுட்டை.

ஒன்றை விற்றுவிடும்படி கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொன்னார். ஒன்றை அறுத்துவிடும்படி அவள் கணவன் சொரிமுத்து சொன்னான். அவளுக்கு இரண்டுக்கும் மனசு வரவில்லை. சண்டைக் காலம் போக மற்ற மாதங்களில் குளத்துக்கரை நாய்கள் கூட்டமாக வரும்போது அந்த இரண்டும் தோளோடு தோள் ஒட்டி, நாலு இறக்கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற நிலையை அவள் பார்த்திருக்கிறாள். நாய்கள் அப்படியே பின்வாங்கும். ஒற்றை வாத்துக்கு அது முடியாது.

பார்ப்பதால்தானே அடிக்கிறார்கள் என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றிற்று. தென்னை ஓலையை முடைந்த கிடுகுகளை நெருக்கி அடுக்கி, மூங்கில் வைத்துக் கட்டி, வாத்து கழுத்தை நிமிர்த்தினாலும் எட்டாத உயரத்துக்குத் தட்டி செய்து வலையோடு சேர்த்து நிறுத்தினாள். அன்றைக்குச் சாயங்காலமே சீறல் குறைந்தது. வாரம் முடிவதற்குள் இரண்டும் தத்தம் பெட்டைகளோடு போய்ச் சேர்ந்தன. அந்த வருடக் குஞ்சுகளை அவள் எண்ணி எண்ணிப் பார்த்தாள், ஒன்றுகூடக் குறையவில்லை.

பங்குனியில் தட்டியையும் வலையையும் அவிழ்த்தபோது, முதல் நாள் முட்டிக்கொள்வார்களே என்று கையில் கம்போடு நின்றாள். கொண்டையன் நேராக நடந்து வந்தான், வெள்ளையன் நேராக நடந்து போனான், இருவரும் உரசிக்கொண்டு கடந்தார்கள், தலை திரும்பவில்லை. ஒரே தட்டில் குருணை தின்றார்கள், மூக்கும் மூக்கும் இடித்தது, குருணை ஏன் இவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதுபோல ஒவ்வொருவனும் தட்டைப் பார்த்தானே தவிர எதிரே பார்க்கவில்லை. தட்டி போன பிறகும் ஒருவன் கண்ணுக்கு மற்றவன் இல்லை. ஆவுடை கம்பைக் கீழே போட்டுவிட்டு, சரி, இப்படியும் ஒன்று உண்டு போலிருக்கிறது என்று தவிடு பிசையப் போனாள்.

மழையில் நனைந்த தட்டியை அவள் காய்வதற்காகத் தெருவில் குறுக்காகச் சாய்த்து வைத்திருந்த நாளில்தான் ஊருக்கு அது தெரிந்தது. குழாயடியில் குடம் வைத்த முறைக்காகத் தலைமுடியைப் பிடித்துக்கொண்ட இரண்டு பெண்கள், அவளிடம் நியாயம் கேட்க வந்தவர்கள், தட்டிக்கு ஒருத்தி அந்தப்பக்கமும் ஒருத்தி இந்தப்பக்கமுமாக நின்றுகொண்டு, குழாயில் தண்ணீர் நிற்கிற வரைக்கும் வைதார்கள். சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. தட்டியை எடுத்தபோது இருவரும் நேருக்கு நேர் நின்றுகொண்டு, அவ எங்கே போய்ட்டா, இப்பத்தானே நின்னா என்று ஆவுடையைக் கேட்டார்கள். அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போன மனிதர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வாத்துக்கு ஆனது மனுசனுக்கும் ஆகாமல் எங்கே போகும் என்றார்கள். மறுநாள் குழாயடியில் சண்டை இல்லை. இரண்டு குடமும் ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

ஊர்த்தலைவர் பிச்சைக்கண்ணு தட்டியை இரவல் கேட்டு வாங்கிப் போனார். பிறகு அதைப் பார்த்து அதே அளவில் மூன்று தட்டி முடையச் சொல்லிச் சாவடியில் அடுக்கி வைத்தார். நாளடைவில் அதற்கென்று முறைகள் வந்தன. இரண்டு பேருக்கும் சம்மதம் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் மெய்யாகவே கோபம் இருக்க வேண்டும். ஒரு புதுமாப்பிள்ளை விளையாட்டாக மாமனாரை நிறுத்திப் பார்த்தான், தட்டியை எடுத்தபோது மாமனார் நின்ற இடத்திலேயேதான் நின்றார். தட்டி கட்டிய இருவரில் ஒருவர் நடந்து வரும்போது மற்றவர் எதிரே நின்றால், பக்கத்தில் இருப்பவர் ‘ஆளு நிக்கி’ என்று சொல்ல வேண்டும், கேட்டவர் கேள்வி கேட்காமல் விலகிப் போக வேண்டும். ரேஷன் கடை வரிசையில் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்துவிடாமல் கண்டக்டர் பழகிக்கொண்டார். கல்யாணப் பந்தியில் யாருக்கும் யாருக்கும் தட்டி என்று விசாரித்துவிட்டுத்தான் இலை போட்டார்கள்.

தட்டி கட்டியவர்களுக்கு நடுவே பேச்சு வந்துதான் தீரும், மாடு மேய்ந்தது, வாய்க்கால் உடைந்தது என்று. அதை மூன்றாவது ஆள் கொண்டுபோய்ச் சொல்வார். சொல்கிறவர் வசவை எடுத்துவிட்டு, தோல் உரித்த பழம்போல விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். முள் எடுத்துச் சொல்வது என்று அதற்குப் பெயர் வந்தது. சின்னப் பிள்ளைகள்கூட முள் எடுத்துச் சொல்லப் பழகிவிட்டார்கள். இந்த ஊரிலிருந்து ஒரு மனுவும் வருவதில்லையே என்று காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து விசாரித்து, மோர் குடித்துவிட்டுப் போனார். அந்த வருடம் கோயில் கொடையில் யார் முதலில் தீச்சட்டி எடுப்பது என்று வழக்கமாக உடைகிற மண்டை உடையவில்லை. வெளியூரிலிருந்து வந்த மேளக்காரர்கள் மட்டும், சாவு வீட்டில் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

மேலத்தெருவில் ஒரு புருசனும் பெண்டாட்டியும் தட்டி கட்டிக்கொண்டார்கள். ஒரே வீடு. அடுப்படியில் சோறு சுடச்சுட இருக்கும், அவன் எடுத்துத் தின்பான், தட்டைக் கழுவி வைப்பான். ஒரு நாள் சோறு ஆறி இருந்தது. அடுத்த நாள் சோறே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான், அவள் காய்ச்சலில் பாயில் கிடப்பதும், அந்தப் பாயைத்தான் தான் தாண்டித் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்ததும் அவனுக்குத் தெரிந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள் வேறு ஆட்கள்.

இதெல்லாம் ஆவுடைக்குத் தெரியும். தெரிந்தும் அவள் தன் வீட்டு ஆண்கள் இருவரைத் தட்டிக்கு இருபுறமும் நிறுத்தினாள், ஏனென்றால் அவர்களில் ஒருவன் மற்றவனைக் கொன்றுவிடுவான் என்று அவளுக்கு நிச்சயமாகப் பட்டது.

ஒருவன் சொரிமுத்து. மற்றவன் அவனுக்கு ரொம்ப இளையவனான தம்பி நம்பி. ஆவுடை வாழ வந்தபோது நம்பி ஒன்றாம் வகுப்பு. மாமியாருக்கு அப்போதே இழுப்பு, ஆகையால் அவனுக்குத் தலை துவட்டியது, சிலேட்டில் கை பிடித்து எழுத வைத்தது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது எல்லாம் அவன் மைனி ஆவுடைதான். அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அந்தக் குறை அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நம்பி.

அந்தப் பக்கத்தில் அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், அம்மைக்கு இளையவன் வைப்பான். மாமியார் இறந்த அன்று நம்பி கொல்லத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆபீசில் வேலையில் இருந்தான். செய்தி கிடைத்துப் பஸ் ஏறினான், மலையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. இங்கே மழை இறங்கிக்கொண்டே இருந்தது, சுடுகாட்டுப் பாதையில் ஓடை ஏறிக்கொண்டே இருந்தது, இதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொரிமுத்துவின் முகத்தைப் பார்த்தார்கள், அவன் கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கினான். நம்பி வந்து சேர்ந்தபோது சாம்பலில் சூடுகூட இல்லை. அவன் யாரையும் கேட்காமல் தலையை மழித்துக்கொண்டான், கொல்லத்துக்குத் திரும்பிப் போகவும் இல்லை. வீட்டின் மேற்கு அறையில் இருந்துகொண்டு, மடை திறந்ததற்கு ஒரு சண்டை, மாட்டுக்கயிற்றுக்கு ஒரு சண்டை, இருமினதற்கு ஒரு சண்டை என்று அண்ணனோடு மல்லுக்கு நின்றான். எந்தச் சண்டையும் கடைசியில் கொள்ளிச்சட்டியில் வந்துதான் முடியும். ஒரு நாள் சொரிமுத்து வீசிய மண்வெட்டி நம்பியின் காதோரம் போய் வாழைமரத்தை இரண்டாக்கியது. துண்டாகி விழுந்த மரத்தை ஆவுடை பார்த்துக்கொண்டே நின்றாள்.

தட்டி கட்டுவோம் என்றபோது இரண்டு பேரும் தட்டாமல் ஒத்துக்கொண்டார்கள். தோட்டத்து வரப்பில் அவளே தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனும் தம்பியும் நெஞ்சு வலிக்க வைதார்கள். முதலில் சொரிமுத்துவின் குரல் இறங்கியது, பிறகு நம்பியின் குரல். தட்டியை அகற்றினாள். அவர்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு, தனியே விடப்பட்டவர்கள்போல வானத்தைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு அந்த வீட்டில் அமைதி. இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள், அவள் இரண்டு தட்டிலும் பரிமாறினாள். தோட்டத்தில் நம்பி பாதி வெட்டிய வாய்க்காலைச் சொரிமுத்து வந்து முழுசாக்கினான், பாதியை வெட்டியது யார் என்று கேட்கவில்லை. சில மாதம் இருவர் முகத்திலும் ரத்தம் ஊறினாற்போல இருந்தது. பிறகு ஒருவனைப் பற்றி ஒருவன் அவளிடம் கேட்கத் தொடங்கினான். அவன் சாப்பிட்டானா. அவனுக்கு முதுகு வலி எப்படி. கோபம் போய்விட்டது என்று ஆவுடைக்குப் புரிந்தது. கோபம் போனால் பார்வை வந்துவிடும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அவர்களுக்கு நடுவே பிடித்த தட்டியைக் கொண்டுபோய்க் கொளுத்திப் பார்த்தாள். ஓலை எரிந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் சொரிமுத்து சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். குற்றாலத்தில் அண்ணனும் தம்பியும் ஈரத் துண்டோடு எடுத்துக்கொண்ட படம். “என் கை ஒசந்துருக்கே, என்னத்து மேல கெடக்கு?” என்று கேட்டான். தம்பி தோள் மேல் கிடக்கிறது என்றாள். அங்கே வெள்ளையாகக் கறைதான் இருக்கிறது என்றான். சோற்றுக்கு உட்கார்ந்தவன் இரண்டு வாய் உண்டுவிட்டு நிமிர்ந்தான்.

“ஏளா, நம்பிக்கு மீசை உண்டா?”

நம்பி அவனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஆவுடை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள். தட்டி கட்டிய நிலையிலேயே ஊரைவிட்டுப் போன இரண்டு பேரை அவளுக்குத் தெரியும். அதில் ஒருவனின் கூடப்பிறந்தவன், தன் தாய்க்குத் தான் ஒரே பிள்ளை என்று இப்போது சத்தியம் செய்கிறான். அவனைத் திருத்தப் போய்த் திருத்தப் போய் ஊரும் ஓய்ந்துவிட்டது.

அந்த ஆவணியில் நாய்கள் வந்தன. கறிக்கோழிக் கடைக் கழிவைக் கரையில் கொட்ட ஆரம்பித்ததிலிருந்து அவை பெருகிப் போயிருந்தன. பொழுது விடிந்து சற்று நேரத்தில், தோட்டத்திலிருந்து ஆவுடை பார்க்கும்போதே ஐந்தாறு நாய்கள் வெள்ளையனைச் சூழ்ந்துவிட்டன. அவன் தனியாக இறக்கையை விரித்தான். நாலடி தள்ளிக் கொண்டையன் புல் மேய்ந்துகொண்டிருந்தான். நாய்கள் வெறும் தரையைக் கடித்து உதறுவதாகத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும், ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டான். ஆவுடை கத்திக்கொண்டு ஓடினாள், சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். அதற்குள் வயிறு கிழிந்த வெள்ளையன் இழுத்துக்கொண்டே வந்து, எதிரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், வலியில், வாய்க்கு அகப்பட்டதைக் கவ்வினான். அகப்பட்டது கொண்டையனின் கால். எலும்பு வரைக்கும் இறங்கிய கவ்வு.

கொண்டையன் திரும்பினான். கழுத்து தாழ்ந்தது, பழைய சீறல் வந்தது. ஒரு கணம் அவன் தன் காலைக் கவ்வியிருந்தவனைப் பார்த்தான், பிறகு நாய்களைப் பார்த்தான். அவன் ஒருவனே அந்த நாய்களைக் கரை தாண்ட விரட்டியதை ஆவுடை கையில் கல்லோடு நின்று பார்த்தாள். வெள்ளையன் உச்சி வெயிலுக்கு முன்னால் செத்தான். கொண்டையன் அவன் முதுகின் மேல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். தூக்கிப் புதைக்கப் போன ஆவுடையை அண்ட விடவில்லை, அவள் முழங்கையில் தோலை உரித்துவிட்டான்.

அவள் காயத்தில் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு நேரே பிச்சைக்கண்ணுவிடம் போனாள். தட்டி மூடியதை வலி திறக்கும் அண்ணாச்சி என்று சொன்னாள். அவர் பாக்கை மென்றுகொண்டு நிதானமாகக் கேட்டார். வலித்தால்தான் தெரியும் என்றால் அப்புறம் தட்டி எதற்கு, இத்தனை வருசம் இல்லாத நிம்மதி ஊருக்கு வந்திருக்கிறது, நீ கொண்டுவந்த நிம்மதிதான், நீயே வந்து கலைக்காதே தாயி என்றார். ரொம்ப நயமாகத்தான் சொன்னார். எல்லாரும் எல்லாரிடமும் நயமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நம்பி தை பிறந்தால் கொல்லத்துக்கே போய்விடுவதாகச் சொன்னான். அண்ணன் இருக்கிற வீட்டில் அண்ணன் இல்லாமல் இருப்பது உயிரோடு இருப்பவனுக்குத் திவசம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்றான். சொல்லிவிட்டு, அண்ணனுக்கு முன்பல்லில் இடைவெளி உண்டு இல்லையா மைனி என்று கேட்டான். அது சொரிமுத்துவுக்குக் கிடையாது. செத்துப்போன மாமனாருக்குத்தான் உண்டு.

அன்றிலிருந்து ஆவுடை முள் எடுக்காமல் சொல்லத் தொடங்கினாள். எடுக்கிற முள்ளும் அவர்களிடம் இல்லை, இரண்டு பேரும் அக்கறையாகத்தானே விசாரிக்கிறார்கள். ஆகையால் முள்ளை அவளே செய்ய வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து பொய் சொல்லிப் பழகாதவள். குஞ்சுகளுக்குத் தீவனத்தை முதலில் கொஞ்சமாக வைத்துப் பழக்குவதுபோல, முதலில் சின்னதாகச் சொன்னாள். நீங்கள் வெட்டின வாய்க்கால் கோணலாம், அவன் சொல்கிறான். உன் கை பட்டாலே குலை சிறுத்துப்போகுமாம், அவர் சொல்கிறார். அவர்கள் சிரித்துக்கொண்டார்கள். அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான், நீ எதையோ மறந்து எதையோ சொல்கிறாய் என்றான் சொரிமுத்து. நம்பி தலையை ஆட்டிவிட்டு மடையைத் திறக்கப் போனான். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. ஒவ்வொரு வார்த்தைக்கும் முந்திய வார்த்தையைவிடக் கூர் வைத்தாள். இரவில் படுத்துக்கொண்டு நாளைக்கு எதைச் சொல்வது என்று யோசிக்கும்போது அவளுக்கே தன் வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது. எது எங்கே குத்தும் என்று அவளுக்குத் தெரியும், இருவரையும் அவளுக்குத்தான் முழுசாகத் தெரியும், ஆனாலும் அந்த இடத்தை மட்டும் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பொங்கல் கழிந்து, நம்பி பையில் சட்டைகளை மடித்து வைத்து, மறுநாள் பஸ்ஸுக்கு என்று சொல்லிவிட்ட காலையில், சொரிமுத்து கஞ்சி குடிக்க உட்கார்ந்தான். அவள் எதிரே நின்றுகொண்டு, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“போறதுக்கு முன்ன ஒண்ணு ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னான். அம்மைக்கு மூச்சு நிக்கதுக்கு முன்னயே நீங்க தூக்கிட்டுப் போயிட்டியளாம். உசுரு இருக்கையிலயே கொளுத்துனியளாம்.”

சொரிமுத்து கையில் இருந்த கஞ்சிக் கும்பாவைச் சுவரில் எறிந்தான். அவள் அங்கே நிற்கவில்லை. தோட்டத்தில் கடைசியாக ஒரு முறை தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த நம்பியிடம் நடந்தாள்.

“ஒங்க அண்ணன் சொல்லுதாரு, சாவும்போது அம்மைக்கு ஒன் நெனப்பே இல்லயாம். நம்பின்னு ஒருத்தன் உண்டும்மான்னு சொன்னதுக்கு, யாரு அவன்னு கேட்டாளாம்.”

நம்பி மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். அந்த முகத்தை, அவனுக்கு அம்மை போட்டிருந்த நாட்களிலும் அவள் பார்த்ததில்லை.

அதற்குள் சொரிமுத்து தோட்டத்துக்குள் வந்துவிட்டான். வெறும் வாழைகளைப் பார்த்து, ஏல நம்பி, ஏல நம்பி என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். நம்பியின் தலை குரல் வந்த பக்கம் திரும்பியது. முதலில் வந்தது காதுதான். அவனும் கூப்பிட்டான், சொரிமுத்து நின்றான். பிறகு இரண்டு வாழைகளுக்கு நடுவில் ஒருவனை ஒருவன் பார்த்தார்கள். எத்தனையோ நாளைக்கப்புறம் பார்த்தார்கள். அண்ணனுக்குக் காதோரம் வெளுத்திருந்தது, தம்பிக்கு மீசை இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்றார்கள், பிறகு ஒருவன் மேல் ஒருவன் விழுந்தார்கள்.

சத்தம் கேட்டு ஊர் வந்தது. சண்டைச் சத்தத்தை மறந்துபோயிருந்த ஊர், மாடு கிணற்றில் விழுந்ததோ என்று கயிற்றோடு வந்தவர்களும் இருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் சாவடியிலிருந்து இரண்டு தட்டியைத் தூக்கிக்கொண்டு பிச்சைக்கண்ணுவும் ஆட்களும் வரப்பில் ஓடி வந்தார்கள். ஆவுடை வரப்பின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“வழிய விடு தாயி,” என்றார் பிச்சைக்கண்ணு. “ரெண்டுல ஒருத்தன் செத்துருவான்.”

“சாவட்டும் அண்ணாச்சி. யாரு கையால சாவுதோம்னு பாத்துட்டுச் சாவட்டும்.”

அவர்கள் தட்டியோடு அப்படியே நின்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வாழைகள் ஒடிந்தன, அடி விழுகிற சத்தம் கேட்டது, இரண்டு குரலும் கேட்டது. இரண்டு கேட்கிற வரைக்கும் இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உசுரோடு கொளுத்தினேன் என்றா சொன்னாய் என்று ஒரு குரல். நான் எங்கே சொன்னேன், நீதான் சொன்னாய், அம்மை என்னை யாரென்று கேட்டாள் என்று ஒரு குரல். நான் எப்பல சொன்னேன் என்றது முதல் குரல். அதன் பிறகு இரண்டு குரலும் நின்றது.

அப்போதுதான் அவள் திரும்பினாள். சேறும் ரத்தமுமாக இரண்டு பேரும் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம்பிக்குக் கழுத்தெலும்பு முறிந்திருந்தது, சொரிமுத்துவுக்குப் பல் இரண்டு போயிருந்தது. கொல்லத்துக்குப் போகிற பேச்சு அதோடு நின்றது. எலும்பு கூடிய பிறகு பழையபடி மடைக்கும் மாட்டுக்கயிற்றுக்கும் கொள்ளிச்சட்டிக்கும் சண்டை போட்டார்கள், காலையில் எழுந்ததும் ஒருவனை ஒருவன் தேடிப்போய்ச் சண்டை போட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது ஒன்றில்தான். ஆவுடையோடு இருவரும் பேசவில்லை. சொரிமுத்து தன் கஞ்சியைத் தானே வடித்துக்கொண்டான், நம்பி டீக்கடையில் தின்றான், அவள் எதிரே வந்தால் இருவரும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். தாயின் சாவை வைத்துப் பொய் சொன்னவளை எந்தக் கணக்கில் மன்னிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

காய்ச்சலில் கிடந்தவளைத் தாண்டிப் போய்வந்த அந்த மேலத்தெரு மனிதர் மட்டும், தன் பெண்டாட்டியிடம் சொல்ல ஒரு முள் செய்து தரும்படி அவளிடம் வந்து கேட்டார். வந்தவர் கொல்லையில் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, வேண்டாம், அவள் இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம் என்று திரும்பிப் போனார். மற்றவர்கள் தங்கள் தட்டியைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். ரேஷன் கடையில் ஆளு நிக்கி, ஆளு நிக்கி என்ற குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துப் பொறுக்காமல், குழாயடிக்காரி ஒருத்தி ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோட்டத்தில் அண்ணனும் தம்பியும் வைதுகொள்கிற சத்தம் இங்கே வரைக்கும் வந்தது.

“யக்கா,” என்றாள் அவள், “ஒனக்கும் அவுகளுக்கும் ஒரு தட்டி கட்டிருவமா? மனசாவது ஆறும்லா.”

ஆவுடை கையில் இருந்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள்.

“வேண்டாந் தாயி. அவுக மூஞ்சத் திருப்பிக்கிடுதத நான் பாக்கணும்.”